சூடத்தின் மேல் நின்ற விலை

என் வாழ்நாளின் பெரும்பகுதி விண்ணப்பம் செய்வதிலேயே கழிந்தது. விடியற்காலையில் பெருமானுக்கு, பத்து மணிக்கு மேல் அரசாங்கத்துக்கு. கும்பகோணத்தில் எங்கள் வணிகர் சங்கத்துக்குச் செயலாளராக இருந்த காலத்தில் விற்பனை வரி, சீட்டு நிறுவனக் கட்டுப்பாடு, எடைக்கல் முத்திரை என்று நான் எழுதாத மனு இல்லை. இரண்டு இடங்களிலிருந்தும் உடனே பதில் வந்ததில்லை. ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது’ என்று அச்சிட்ட அட்டையைப் பெருமான் அனுப்புவதில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

ஆகவே, கோலாலம்பூரிலிருந்து என் சம்பந்தி கதிரேசன் தொலைபேசியில் அழைத்து, “சம்பந்தி, கவர்மெண்டுக்கு ஒரு மனு எழுதணும். இங்க லாயர் எழுதுனது எங்களுக்கே வெளங்கல. நீங்க வந்தாத்தான் சரிப்படும்” என்றபோது நான் வியப்படையவில்லை. என் மகள் மங்கை அவருடைய மகனுக்கு வாழ்க்கைப்பட்டுப் பூச்சோங்கில் இருக்கிறாள். பெண் கொடுத்த இடத்திலிருந்து வரும் கோரிக்கையைப் பரிசீலிக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. நிறைவேற்றும் வழக்கம் மட்டுமே உண்டு.

விமான நிலையத்திலிருந்து பூச்சோங் போய்ச் சேரும் வரை சாலையில் ஒருவரும் ஒலிப்பான் அடிக்கவில்லை. ஊரில் ஏதோ துக்கம் போலும் என்று எண்ணிக்கொண்டேன். மறுநாள் காலை மங்கை தேங்காய்ப் பாலில் வெந்த சோறு வாங்கி வந்தாள். இந்நாட்டார் அதனை நாசி லெமாக் என்கிறார்கள். அதன் தலையில் நெத்திலிக் கருவாடு வீற்றிருந்தது. மகள் நெத்திலியை அகற்றினாள்; மணம் அகல மறுத்தது. வாழைப்பழம் இரண்டு உண்டு, சம்பந்தியின் கடைக்குப் புறப்பட்டேன்.

சம்பந்தியின் சாப்பாட்டுக் கடை நகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இருக்கிறது. தலைக்கு மேலே ரயில், தரையில் பூக்கடை, இடையில் மனிதர்கள். கடை வாசலில் வாழையிலைச் சாப்பாட்டின் விலையைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். எதிர்க்கடையிலும் அதே விலை. பக்கத்துக் கடையிலும் அதே.

“எல்லாக் கடையிலும் ஒரே விலையா?” என்று கேட்டேன்.

“கிள்ளான் வரைக்கும் ஒரே விலைதான் சம்பந்தி.”

“சுவை?”

“அதுல சங்கம் தலையிடாது.”

இலை போட்டார்கள். சோறு, பருப்பு, சாம்பார், பாகற்காய் வறுவல், கீரை, அப்பளம், மோர் மிளகாய். எங்கள் பக்கத்தில் கூட்டு வைக்கும் இடத்தில் இங்கே வெள்ளரிக்காய்த் தயிர்ப்பச்சடி இருந்தது. அதைப் பற்றிக் கருத்துச் சொல்லச் சம்பந்தி உறவு இடம் தரவில்லை. உண்டு முடித்து இலையை மடிக்கப் போனபோது கதிரேசன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நம்ம பக்கமா மடிச்சா திருப்தின்னு அர்த்தம். அந்தப் பக்கமா மடிச்சா குறைன்னு அர்த்தம். எங்க ஆளுங்க வாய் பேச்ச நம்ப மாட்டாங்க, இலையத்தான் பாப்பாங்க” என்றார்.

நான் இலையை என் பக்கமாகவே மடித்தேன். பாகற்காய் நன்றாகவே இருந்தது.

பிறகு மனுவின் விவரத்துக்கு வந்தோம். வியாபாரப் போட்டிக்கான சட்டத்தை அரசு திருத்தவிருக்கிறது. சிறு வணிகர்களின் கருத்தைக் கேட்க இரண்டு நாள் கழித்துப் பங்சாரில் ஒரு கூட்டம் வைத்திருக்கிறார்கள். ஒரே தொழில் செய்கிறவர்கள் கூடிப் பேசி விலையை நிர்ணயிப்பது அந்தச் சட்டப்படி குற்றம். கதிரேசன் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை உரிமையாளர்கள் சங்கத்தின் தலைவர். சிறிய கடைகளுக்கு விலக்கு வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை.

“மால்ல பெரிய பெரிய கம்பெனிக்காரன் கடை போடுறான். ஆறு மாசம் நட்டத்துக்கு விப்பான். நாங்க மூடுனதும் ஏத்துவான். எங்களுக்கு ஒத்துமைய விட்டா வேற என்ன இருக்கு சொல்லுங்க” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. யானையைப் பிடிக்க வெட்டிய குழியில் ஆடு விழுவதைப் பற்றி நானே பல மனுக்கள் எழுதியிருக்கிறேன்.

“விலையை எப்படி முடிவு செய்கிறீர்கள்?”

அதற்கு ஒரு முறை இருந்தது. ஆடி மாதம் சங்கத்தின் உபயத்தில் முருகன் கோயிலில் பூசை நடக்கும். பூசை முடிந்ததும் அங்கேயே பேசி விலையைத் தீர்மானிப்பார்கள். பித்தளைத் தட்டில் சூடம் ஏற்றப்படும். உறுப்பினர் ஒவ்வொருவராக வந்து, சுடரின் மேல் கை வைத்து, இந்த விலைக்கு ஒரு காசு குறைத்து விற்கமாட்டேன் என்று சத்தியம் செய்து, கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

“யாரும் மீறியதில்லையா?”

“சூடம் அடிச்சிட்டு மீறுவாங்களா சம்பந்தி?” என்று அவர் என்னைச் சற்றுக் கவலையோடு பார்த்தார்.

அடுத்த நாள் உறுப்பினர்களின் கருத்தை அறியக் கிள்ளானுக்குப் போகும்படி சொன்னார். “அங்க பரமேஸ்வரின்னு ஒரு அம்மா கடை வச்சிருக்கு. கொஞ்சம் பேசும். பெருசா எடுத்துக்காதீங்க.”

மறுநாள் ரயிலில் ஏறி அமர்ந்து, கண்ணை மூடி ஒரு பதிகத்தை மனத்துக்குள் ஓதத் தொடங்கினேன். எட்டாம் பாட்டில் ஒரு பெண்மணி என் தோளைத் தொடாமல் அருகிலிருந்த கம்பியைத் தட்டினார்.

“அங்கிள், இது லேடீஸ் கோச் லா.”

சுற்றிப் பார்த்தேன். பெட்டி முழுவதும் இளஞ்சிவப்பாக இருந்தது. அடியார் கூட்டத்தில் ஆண்பால் நான் ஒருவனே. மன்னிப்புக் கேட்டு எழுந்து, கிள்ளான் எப்போது வரும் என்று விசாரித்தேன்.

“கிள்ளானா? இது அந்தப் பக்கம் போற ட்ரெயின் அங்கிள். அடுத்து சுங்கை பூலோ. எறங்கி எதிர்ப்பக்கம் ஏறுங்க.” பின்னர் பக்கத்தில் இருந்தவரிடம், “கண்ண மூடிக்கிட்டு வந்தாரு, நான் தூங்குறாருன்னு நெனச்சேன். பாத்தா வாய் அசையுது” என்றார்.

சுங்கை பூலோவில் இறங்கி, மீதிப் பாட்டுகளையும் நடைமேடையில் நின்று முடித்தேன். அரைகுறையாக நிறுத்துவது முறையன்று.

கிள்ளானில் அந்தக் கடையை அடைந்தபோது பகல் சாப்பாட்டு வேளை முடியவில்லை. ஆயினும் மேசைகள் பெரும்பாலும் காலியாக இருந்தன. வாசலில் தொழிலாளர் இருவர் விலைப் பலகையைப் பார்த்தபடி நின்றார்கள். பேச்சிலிருந்து புதுக்கோட்டைப் பக்கம் என்று தெரிந்தது.

“மாப்ள, இங்க கை வைக்க முடியாதுடா. சம்பளம் வரட்டும்.”

“அந்தத் தகரக் கொட்டாயில சோறு பத்தலடா.”

“பத்தலன்னா தண்ணியக் குடி.”

இருவரும் பக்கத்திலிருந்த தகரக் கொட்டகைக்குப் போனார்கள். கல்லாவில் இருந்த பரமேஸ்வரி என்னைப் பார்த்துச் சிரித்தார். நாற்பது வயது கடந்தவர். நெற்றியில் திருநீறு, தோளில் துண்டு.

“பாத்தீங்களா அங்கிள்? தெனமும் வந்து போர்ட படிச்சிட்டுப் போறாங்க. கடை லைப்ரரி ஆயிருச்சு.”

உட்கார வைத்து இலை போட்டார். ரசம் எங்கள் ஊர் ரசத்துக்குக் குறைந்ததன்று. இதை எழுதுவதால் என் வீட்டில் விளையக்கூடியதை நான் அறிவேன். பரிமாறிக்கொண்டே அவர் தம் நிலையைச் சொன்னார். அவரிடம் உண்டவர்கள் துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிறவர்கள். போன ஆடியில் விலையை உயர்த்திச் சூடம் அடித்தார்கள். அந்த விலை பிரிக்பீல்ட்ஸுக்குப் பொருந்தியது, கிள்ளானுக்குப் பொருந்தவில்லை. வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள்.

“வெலைய குறைக்க முடியாதேன்னு வடை ஒண்ணு கூட வச்சேன் அங்கிள். அதுக்கு சங்கத்துலேர்ந்து ஆள் வந்துட்டாங்க. வடை வச்சா வெல குறைச்ச மாதிரியாம். வடையையும் எடுத்துட்டேன்.”

“இப்போது?”

“வீட்டுக்காரர் லோரி ஓட்டுறாரு. அவரு சம்பளத்தப் போட்டுத்தான் கடை நடக்குது. இந்த மாசத்தோட மூடிரலாங்கிறாரு.” துண்டால் மேசையைத் துடைத்தார். மேசையில் துடைக்க ஒன்றும் இருக்கவில்லை. “இப்படி வெல பேசுறது சட்டப்படி தப்புன்னாங்க. சரி, சட்டத்தக் காட்டி குறைச்சிக்கலாம்னு பாத்தேன். ஆனா கை வச்சது நானு. சட்டமா வந்து முருகன்கிட்ட சொல்லும்? நீங்க பாட்டெல்லாம் படிச்சவங்கன்னு தலைவர் சொன்னாரு. சூடம் அடிச்சத எப்படி அங்கிள் திரும்ப எடுக்கிறது? பாட்டுல எங்கயாச்சும் இருக்கா?”

எனக்குப் பதிகங்கள் பல மனப்பாடம். மலையை எடுத்தவனை மன்னித்த செய்தி அவற்றில் உண்டு. நஞ்சை உண்ட செய்தி உண்டு. வாழையிலைச் சாப்பாட்டின் விலையைக் குறைத்துக்கொள்ள இசைவளித்த செய்தி எனக்கு நினைவு வரவில்லை.

“பார்க்கிறேன்” என்றேன். அதிகாரிகளிடமிருந்து பணிக்காலம் முழுவதும் நான் கேட்ட சொல் அது. அதைச் சொல்வது இவ்வளவு எளிது என்று அன்றுதான் தெரிந்தது.

சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்தபோது பரமேஸ்வரி தயங்கினார். “வயசானவங்ககிட்ட வாங்கக் கூடாதுதான். ஆனா சும்மா குடுத்தேன்னா அதுக்கும் ஆள் வரும்” என்று முழு விலையையும் வாங்கிக்கொண்டார்.

பூச்சோங் திரும்பி மனுவை எழுத உட்கார்ந்தேன். நல்ல மனு என்பது பதிகத்தைப் போன்றது என்பது என் நெடுநாளைய கருத்து. முதலில் கேட்கப்படுபவரின் அதிகாரத்தைப் புகழவேண்டும். நடுவில் கேட்பவரின் எளிமையை ஒப்புக்கொள்ளவேண்டும். எத்தனை பாட்டானாலும் கேட்பது ஒன்றாகவே இருக்கவேண்டும். கடைசிப் பாட்டில் பாடியவரின் பெயரும் ஊரும், கேட்பதை அருளினால் உலகுக்கு விளையும் நன்மையும் வரவேண்டும். அவ்வாறே எழுதி வந்தேன். ‘எங்கள் உறுப்பினர் அனைவரும் ஒருமனதாக’ என்ற இடத்தில் கை நின்றது. ‘பெரும்பான்மை உறுப்பினர்கள்’ என்று எழுதினேன்.

கதிரேசன் வந்து படித்தார். “அனைவரும்னு போடுங்க சம்பந்தி.”

“கிள்ளான் அம்மையார் உடன்படவில்லை. அவர் கடை மூடும் நிலையில் இருக்கிறது.”

“சூடம் அடிச்சிருக்காங்கள்ல? அடிச்சா உடன்பட்டதுதான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒருத்தர விட்டா அடுத்த வாரம் பத்துப் பேரு குறைப்பான். அப்புறம் மால்காரனுக்கு வேலையே இல்ல. நாங்களே எங்கள முடிச்சிக்குவோம்.”

மங்கை எனக்கு நேராக நின்று, மாமனார் அறியாமல், பேசவேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். நான் ‘பெரும்பான்மை’ என்ற சொல்லை அடிக்கவில்லை, வாதாடவும் இல்லை. தட்டச்சாகி வந்தபோது அது தானாகவே ‘அனைவரும்’ ஆகியிருந்தது.

பங்சார்க் கூட்டத்தில் குளிரூட்டி கடுமையாக வேலை செய்தது. தலைமை அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி. எல்லோரும் அவரை மரியாதையாகப் புவான், அதாவது அம்மையார், என்று அழைத்தார்கள். கேள்விகளை மலாயிலேயே கேட்டார். பக்கத்தில் இருந்த இளைஞர் தமிழில் சொன்னார். முதலில் வங்கி அட்டைக் கட்டணம், சிறுகடன் உரிமம் ஆகியவை பற்றிப் பிற சங்கத்தார் பேசினார்கள். எங்கள் முறை வந்தது. கதிரேசன் எழுந்து மனுவைப் படித்தார். நன்றாகவே படித்தார். புவான் குறிப்பெடுத்துக்கொண்டார்.

“விலை பற்றி உங்களுக்குள் ஒப்பந்தம் ஏதேனும் இருக்கிறதா?”

கதிரேசன் நிம்மதியோடு சிரித்தார். இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தார் என்று தோன்றியது. “ஒப்பந்தமெல்லாம் ஒண்ணும் கிடையாது புவான். எழுத்துல ஒரு வரி இருக்காது. நாங்க சாமி முன்னாடி சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணிக்குவோம், அவ்வளவுதான்.”

இளைஞர் மொழிபெயர்க்குமுன் ஒருமுறை கதிரேசனைப் பார்த்தார். மொழிபெயர்த்தார். புவான் பேனாவை மேசையில் வைத்தார்.

“சாட்சி?”

“முருகன்.”

“அவரும் விலையை முடிவு செய்வதில் பங்கு கொள்வாரா?”

“இல்ல புவான். புரவலர் மட்டும்தான்.”

புவான் சிரிக்கவில்லை. கூட்டு முடிவு காகிதத்தில் இருக்கவேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை, வாயால் சொன்னாலும், கையால் செய்தாலும் அது ஒப்பந்தமே என்று பொறுமையாக விளக்கினார். இன்று கருத்துக் கேட்க வந்திருக்கிறோம், விசாரிக்க அல்ல. ஆனால் இத்தகைய ஏற்பாடு இருப்பவர்கள் அதை உடனே முடித்துக்கொள்வது நல்லது. விசாரணை என்று வந்தால் முதலில் தாமாக முன்வந்து சொல்பவருக்குச் சலுகை உண்டு என்றார். இதைக் கேட்டதும் சங்கத்தார் அனைவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு ஒருமனதாக அவர்கள் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

பின்வரிசையிலிருந்து பரமேஸ்வரி எழுந்தார். “முடிச்சிக்கிறேன் புவான், இப்பவே. எப்படி முடிக்கிறதுன்னு சொல்லுங்க. உங்க சட்டத்துல செல்லாதுன்னு எழுதிக் குடுத்தா அதக் கொண்டுபோய் சாமிகிட்ட வச்சிருவேன்.”

“அது எங்கள் அதிகார வரம்பில் இல்லை” என்றார் புவான். வருத்தத்தோடுதான் சொன்னார்.

வெளியே, தே தாரிக் என்னும் ஆற்றிய தேநீர் விற்கும் கடையில் சங்கத்தின் அவசரக் கூட்டம் நடந்தது. விலை பேசிய குற்றத்தைப் பற்றிய அச்சத்தைவிடச் சூடத்தைப் பற்றிய அச்சமே பெரிதாக இருந்தது. “அபராதம் கட்டிரலாம் அண்ணே. சாமி குத்தத்துக்கு எங்க போய் கட்டுறது?” என்றார் ஒருவர். இறுதியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றே. “மனு எழுதுவோம்” என்றேன். “யாரிடம் சத்தியம் செய்தீர்களோ, அவரிடம்.”

அதை எழுத ஒரு பகல் ஆயிற்று. செய்யுளில் எழுத எனக்குத் துணிவில்லை. அந்தச் சன்னிதியில் செய்யுளுக்குக் குறைவில்லை. உரைநடையில் எழுதினேன். கை வைத்தவர்கள் அறியாமல் வைத்தார்கள் என்று எழுதவில்லை, அது உண்மையன்று. ஒருவர் பசியோடு வாசலில் நின்று திரும்பிப் போவதற்கு நின் திருமுன் செய்த சத்தியம் காரணமாவது நினக்கும் உவப்பாகாது என்று மட்டும் எழுதினேன். அரசுக்கான மனுவையும் மாற்றினேன். விற்கும் விலையை அவரவர் முடிவு செய்வோம்; அரிசியையும் எண்ணெயையும் சிறுகடைகள் சேர்ந்து வாங்க அனுமதி வேண்டும்; நட்டத்துக்கு விற்றுச் சந்தையைப் பிடிப்போரைச் சட்டம் முதலில் கவனிக்கவேண்டும் என்று கேட்டேன். எங்கள் ஊர் மளிகைக்காரர்களுக்காக முன்பு எழுதியதே இதற்கும் உதவியது.

வெள்ளிக்கிழமை கோயிலில் நான் மனுவைப் படித்தேன். குருக்கள் வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சன்னிதியில் வைத்தார். வெள்ளை வந்தால் விடுதலை. சிவப்பு வந்தால் அடுத்த ஆடி வரை சத்தியம் நிற்கும். யார் எடுப்பது என்று கேள்வி எழுந்தது.

“தலைவர் எடுக்கட்டும். அடிக்க வச்சவரு அவருதானே” என்றார் பரமேஸ்வரி. சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

கதிரேசன் நெடுநேரம் இரண்டு பொட்டலங்களையும் பார்த்தபடி நின்றார். எடுத்தார். குருக்கள் பிரித்தார். வெள்ளை.

“இன்னொண்ணையும் பிரிச்சுக் காட்டுங்க சாமி” என்றார் ஓர் உறுப்பினர்.

“சாமி சொன்னப்புறம் ஆடிட் கிடையாது” என்று குருக்கள் அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸில் எல்லாப் பலகைகளிலும் பழைய விலையே இருந்தது. முதலில் குறைப்பவராக இருக்க யாருக்கும் மனமில்லை. கதிரேசன் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். பெயரளவில் உபசாரம் நடந்தது. நான் ஊருக்குத் திரும்புவதற்கு முந்திய நாள், “கிள்ளான் போகலாமா சம்பந்தி?” என்று அவரே காரை எடுத்தார். வழியெல்லாம் வானொலியை ஒலிக்கவிட்டிருந்தார்.

கடை வாசலில் நிற்க இடமில்லை. பலகையில் பழைய விலையின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டிப் புதிய விலை எழுதியிருந்தது. புதுக்கோட்டைக்காரர்கள் இருவரும் உள்ளே இருந்தார்கள். “அக்கா, சோறு!” என்று ஒருவர் கத்தினார். “பத்தலயா? தண்ணியக் குடி” என்றார் மற்றவர். பரமேஸ்வரி தலைவரைப் பார்த்ததும் கரண்டியோடு அப்படியே நின்றார். பிறகு இலை போட்டார்.

கதிரேசன் தலை நிமிராமல் சாப்பிட்டார். சாம்பார், ரசம், மோர். நடுவில் பக்கத்து இலைகளைச் சுற்றிப் பார்த்தார்.

“வடை ஒண்ணு கூட வைப்பியாமே? எங்க?”

“நீங்கதான் வேணாம்னீங்க தலைவரே.”

“அது போன விலைக்கு.”

பரமேஸ்வரி உள்ளே போய் வடை கொண்டு வந்து வைத்தார். கதிரேசன் அதைத் தின்றார். தண்ணீர் குடித்தார். இலையின் ஓரத்தில் கை வைத்தார். பரிமாறுகிறவர்கள், கல்லாவில் இருந்த பரமேஸ்வரியின் கணவர், நான், அனைவரும் அவர் கையையே பார்த்தோம்.

தம் பக்கமாக மடித்தார். எழுந்து போய், பலகையில் இருந்த விலையைக் கொடுத்து, மீதிச் சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டார்.